மூன்று கிலோவுக்கு எதிரே ஒரு கிலோ

இன்பராஜ் பயந்த ஆள். இதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவரே சொல்வார். பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் பைக்கில் போக மாட்டார். கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டார். பங்குனிப் பொங்கலுக்கு மகள் ராட்டினம் ஏறினால், இவர் கீழே கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "எங்க வீட்டு ஆளு பல்லி கத்துனாக்கூட, எத்தன தடவ கத்துச்சுன்னு எண்ணி முடிச்சுட்டுத்தான் திரும்பிப் படுப்பாக" என்று அவர் மனைவி ஜெகதீஸ்வரி நூல்மில் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

பயத்துக்கு இன்பராஜ் கண்டுபிடித்த மருந்து ஒன்றே ஒன்று. அளந்து பார்ப்பது. அளந்து கண்ணால் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். நாற்பது வயது வரை அந்த மருந்து வேலை செய்தது.

அவருடைய ஊர் எம்.ரெட்டியபட்டி. அப்பாவும் அம்மாவும் பருத்திக் காட்டுக்கும் கம்மங்காட்டுக்கும் கூலிக்குப் போனவர்கள். இவர் ஐ.டி.ஐ. முடித்து, அருப்புக்கோட்டையில் ஒரு பைப் கடையில் சேர்ந்தார். கடை விற்கும் சொட்டுநீர்க் குழாய்களை ஊர் ஊராகப் போய்க் காட்டில் பதித்துக் கொடுப்பது வேலை. மற்ற பிட்டர்கள் மோட்டாரைப் போட்டு, தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இன்பராஜ் காட்டின் கடைசி வரிசைக்கு நடந்துபோய், கடைசிச் சொட்டுக்கு அடியில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். கடைசி டம்ளர் நிறைந்தால் காடு முழுக்க நனைந்ததாக அர்த்தம். கடையில் அவருக்கு 'டம்ளர்' என்று பெயர் விழுந்தது.

அந்த வேலையில் அவர் அதிகம் பார்த்தது எரிந்துபோன மோட்டார்களை. ஆழ்குழாயில் நீர் இறங்கிவிடும், மேலே இருப்பவருக்குத் தெரியாது. மோட்டார் வெறுங்காற்றை இறைத்துக்கொண்டே சூடேறி உள்ளே கருகும். "காஞ்சு ஓடிருச்சு" என்பார்கள். கருகுவது வெளியே தெரிவதில்லை என்பதுதான் அவரை நடுங்க வைத்தது.

பிறகு மதுரையில் ஒரு பட்டறையில் கார் இன்ஜெக்டர் வேலை பழகினார். இன்ஜெக்டர் என்பது விரல் நீளமுள்ள ஒரு முனை. பூச்சிமருந்து அடிப்பதுபோல எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பொடியாகத் தூவும். தூவுவது குறைந்தால் காற்று மிகுந்துபோய் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். மதுரை மெக்கானிக்குகள் அதற்கு 'லீன்' என்றார்கள். இன்பராஜ் தன் பழைய சொல்லையே வைத்துக்கொண்டார். "காயுது" என்றார். ஊருக்குத் திரும்பி, பாலவனத்தம் போகும் சாலையில் தகரக் கூரை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்தபோது, அங்கே முதலில் வந்து இறங்கியது அளக்கும் மேசை. நான்கு இன்ஜெக்டர்களை மாட்டினால் கீழே நான்கு கண்ணாடிக் குழாய்களில் பெட்ரோல் நிறையும். டம்ளர்தான், உருவம் மட்டும் மாறியிருந்தது.

அந்த மேசையைத் தேடித்தான் உதயகுமார் வந்தார். பழைய பைப் கடை முதலாளியின் மகன், இப்போது கடை அவர் கையில். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. உதயகுமாரின் சிவப்புக் காரில் கோயம்புத்தூர் பட்டறை ஒன்று பெரிய டர்போ வைத்திருந்தது. டர்போ என்பது எஞ்சின் கக்கும் புகையின் வேகத்தில் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் விசிறி. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். கம்பெனி வைத்த இன்ஜெக்டர் போதாது. எந்த அளவில் மாற்றுவது என்பது கேள்வி.

"ஏப்பா, கோயம்புத்தூர் மேடம் ஐந்நூத்தம்பது போடச் சொல்லுது. நீ என்ன சொல்ற?"

"என்ன பவரு கேக்குறீக அண்ணாச்சி?"

"நூத்தியெம்பது குதிர."

"அம்புட்டையும் எங்க கட்டுவீக?"

"கடைக்குப் பின்னால. நீ தீவனத்தப் போடு."

ஐந்நூத்தம்பது என்பது, முனை முழுக்கத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் அது ஊற்றும் மில்லி. சி.சி. என்பார்கள். இன்பராஜ் கணக்குப் போட்டார். நூற்றெண்பது குதிரைக்கு எவ்வளவு பெட்ரோல், அதை நாலாகப் பிரித்தால் ஒரு முனைக்கு எவ்வளவு. முனையை முழு நேரமும் திறந்தே வைக்கக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது ஓய்வு வேண்டும். இப்போது பங்க்கில் வருவது எத்தனால் கலந்தது, அதற்குக் கொஞ்சம் கூடுதல். எல்லாம் சேர்த்து முந்நூற்றெண்பது வந்தது.

"அப்ப எதுக்கு ஐந்நூத்தம்பது? பெருசாப் போட்டா என்னாகும்?"

"பெரிய வாளிய வச்சுக்கிட்டுத் துளசிச் செடிக்குத் தண்ணி ஊத்துற கத அண்ணாச்சி. ரோட்டுல ஓடயில ஒன்னும் தெரியாது. பஜார்ல ஊந்து போறப்ப அளவாச் சொட்டாது. பெட்ரோல் வாட அடிக்கும், மைலேஜ் போயிரும்."

"வாட அடிச்சா துர்கா வண்டியில ஏற மாட்டா." துர்காதேவி அவர் மனைவி. "நடுவுல என்ன இருக்கு?"

"நானூத்தி நாப்பது."

"முந்நூத்தியெம்பது போதுங்கிற எடத்துல நானூத்தி நாப்பது. தாராளமாச்சே."

இன்பராஜ் நானூற்று நாற்பது செட்டை வரவழைத்து மேசையில் மாட்டினார். காருக்குள் பெட்ரோல் எந்த அழுத்தத்தில் வருமோ அதே அழுத்தம் வைத்தார். பட்டறை மொழியில் மூன்று கிலோ. நான்கு கண்ணாடிக் குழாய்களும் ஒரே மட்டத்தில் நிறைந்தன. சொன்ன அளவு, ஒரு கோடுகூடக் குறையவில்லை.

"சந்தேகம் இல்லல்ல?" என்றார் உதயகுமார்.

"கண்ணால பாக்குறீகள்ல அண்ணாச்சி."

கோயம்புத்தூர் மேடத்தின் பெயர் கிருஷ்ணப்ரியா. எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புதுக் கணக்கு எழுதி அனுப்புவது அவர் வேலை. உதயகுமாரும் கேட்க ஸ்பீக்கரில் பேசியபோது மேடத்துக்கு அரை மனம்தான். "அளந்துட்டீங்கன்னா சரிங்க. ஆனா மெதுமெதுவா ஏத்தி ஓட்டி, போனைக் காரோட கம்ப்யூட்டர்ல இணைச்சு, எஞ்சின் ஓடுறத ரெக்கார்டு எடுத்து அனுப்புங்க. நான் பாக்காம முழு மிதி மிதிச்சறாதீங்க. ரெக்கார்டு போறப்ப யாராச்சும் கூப்பிட்டா கட்டாயிருமுங்க. போனை ஏரோப்ளேன் மோடுல போட்டுக்குங்க."

இன்பராஜ் முனைகளைக் காரில் மாட்டிக் கொடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை உதயகுமார் கூப்பிட்டார். "திருச்சுழி கோயிலுக்குப் போறோம்ப்பா. வெறும் ரோடு. போற வழியில ரெக்கார்டையும் எடுத்துறலாம்."

"மெதுவா ஏத்துங்க அண்ணாச்சி."

"சரி டம்ளரு."

இன்பராஜ் பட்டறையைப் பெருக்கிவிட்டு உட்கார்ந்தபோது, ஷேர் ஆட்டோவில் அழகுத்தாய் வந்து இறங்கினார். பாலவனத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் முருங்கை உண்டு. அதற்குச் சொட்டுநீர் போட்டுக் கொடுத்தவர் இன்பராஜ். தொழில் மாறி வருடங்கள் ஆனாலும், குழாயில் குறை என்றால் அந்தம்மாள் நேரே இங்கேதான் வருவார். கையில் ஒரு துண்டுக் குழாய்.

"ஏலே இன்பராசு, நீ போட்ட பைப்பு என்னய ஏமாத்துதுடா."

"என்ன சித்தி பண்ணுது?"

"மயிலு கொத்துதுன்னு மண்ணுக்குள்ள பொதச்சேன். அன்னைலருந்து செடி வாடுது."

"அடச்சிருக்கும்."

"அடக்கலடா. தோண்டி எடுத்து ஒன்னய மாதிரியே டம்ளர்ல புடிச்சுப் பாத்தேன், ரொம்புது. திருப்பிப் பொதச்சா வாடுது."

"அது எப்படி சித்தி? வெளிய ரொம்புனா உள்ளயும் ரொம்பத்தான செய்யும்."

"கரிசமண்ணுடா. ஈரம் பட்டதும் உப்பிக்கிட்டு இறுக்கிப் புடிக்குது. அது எதுத்துக்கிட்டு நின்னா இது எப்படி ஊத்தும்? வாய இறுக்கி மூடிக்கிட்டு இருக்குற பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிப் பாத்திருக்கியா நீ?"

இன்பராஜ் சிரித்தார். "அதுக்கு மோட்டார்ல பிரஷரக் கொஞ்சம் கூட்டி..." என்று தொடங்கியவர் அப்படியே நின்றார்.

அவர் கண் மேசைக்குப் போயிற்று. அந்தக் கண்ணாடிக் குழாய்கள் மேலே திறந்தவை. பெட்ரோல் வெறும் காற்றில் விழுந்தது, எதிர்ப்பார் யாரும் இல்லை. ஆனால் காருக்குள்? டர்போ முழுவேகத்தில் சுழலும்போது இன்ஜெக்டரின் வாய் திறக்கும் இடத்தில் ஒரு கிலோ அழுத்தத்தில் காற்று நின்று எதிர்த்துத் தள்ளும். இங்கிருந்து மூன்று கிலோ, எதிரே ஒரு கிலோ. மிச்சம் இரண்டு.

சில கார்களில் காற்று ஏற ஏறப் பெட்ரோல் அழுத்தமும் சேர்ந்து ஏறும்படி ஒரு வால்வு இருக்கும். இந்தக் காரில் வால்வு டேங்குக்குள். என்ன ஆனாலும் மூன்று கிலோதான். மாட்டும்போது அவரே பார்த்தார். பார்த்தும் தோன்றவில்லை. பதினைந்து வருடமாக அவர் வைத்த டம்ளர்கள் எல்லாம் திறந்தவெளியில் வைத்தவை.

மூன்று இரண்டானால் ஊற்றுவது ஐந்தில் ஒரு பங்கு குறையும். நானூற்று நாற்பது முந்நூற்றறுபதுக்கும் கீழே வரும். வேண்டியது முந்நூற்றெண்பது. சும்மா ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. பாதி மிதியிலும் தெரியாது. முழுக்க மிதிக்கும்போது மட்டும் காயும். முழுக்க மிதிப்பது எப்போது? ஒரு வண்டியை முந்தும்போது.

போனை எடுத்து அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மறுபடி அடித்தார். அதே குரல். வேறு யாருடைய போன் என்றாலும் சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பார். ரெக்கார்டு ஓடுகிறது என்பதற்கு இதுதான் அடையாளம் என்று அவருக்குத் தெரியும்.

"என்னடா, மூஞ்சி செத்துப்போச்சு?" என்றார் அழகுத்தாய்.

"சித்தி, கடையப் பாத்துக்கங்க."

"ஒங் கடையப் பத்தி எனக்கு என்னடா தெரியும்? யாராச்சும் வந்தா முருங்கக்காயா குடுக்க?"

பைக் அதற்குள் சாலை ஏறிவிட்டது.

ஊரைக் கடந்ததும் நிறுத்தி, பைப் கடை ஆளிடம் எண் வாங்கித் துர்காதேவியைக் கூப்பிட்டார். மணி நிறைய நேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"அக்கா, அண்ணாச்சி பக்கத்துல இருக்காகளா?"

"எங்களக் கோயில் வாசல்ல எறக்கிவிட்டுட்டு, நரிக்குடி ரோட்டுல ஒரு ஓட்டம் பாத்துட்டு வாரேன்னு போனாக. சாமி கும்பிட்டு வெளிய வந்து நிக்கிறோம், இன்னும் காணோம். ஏன்?"

"ஒன்னுமில்லக்கா. போன் வந்தா, மிதிக்க வேணாம்னு மட்டும் சொல்லிருங்க."

"ஒன்னுமில்லன்னா நீ ஏன் மூச்சு வாங்குற?"

வாரேன் என்று மட்டும் சொல்லி வைத்தார்.

லாரிக்குப் பின்னால் போக மாட்டாதவர் அன்றைக்கு இரண்டு லாரிகளை முந்தினார். வெயில் ஏறிவிட்டிருந்தது. சாலையில் பார்த்ததெல்லாம் அவரிடம் ஒரே செய்தியைத்தான் சொன்னது. வெடித்த டயரின் கருப்பு நாடா கிடந்தால் அது கார் டயரா என்று குனிந்து பார்த்தார். காக்கைகள் கூடியிருந்தால் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார், செத்த நாய். திருச்சுழிக்குச் சற்று முன்பு எதிரே ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. பைக்கை ஓரம் கட்டிவிட்டு நின்றார். சைரன் இல்லை. டிரைவர் ஜன்னலில் முழங்கையை ஊன்றி எதையோ மென்றுகொண்டு போனார். ஆள் உள்ளே இல்லை என்றுதானே அர்த்தம்? அல்லது அவசரம் தேவைப்படாத ஆளா? அந்த நினைப்பு வந்ததும் கால் கியரைத் தேடித் தவித்தது.

கோயில் வாசலில் துர்காதேவி நின்றிருந்தார். நெற்றியில் விபூதி, கையில் அர்ச்சனைத் தட்டுப் பை. பக்கத்தில் மகள் ரோஷினி தேங்காய் மூடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இன்பராஜைப் பார்த்ததும் துர்காதேவி இரண்டு படி இறங்கினார்.

"நானும் வரவா?"

"வேணாங்க்கா. பிள்ள இருக்கு."

"அவுகளுக்கு ஒன்னும் இல்லல்ல?"

இந்தக் கேள்வியை உதயகுமாரும் வேறு சொல்லில் கேட்டிருந்தார். அன்று காட்ட நான்கு கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. இன்று கை வெறுமையாக இருந்தது. "பாத்துட்டு வாரேங்க்கா" என்றார்.

குண்டாற்றுப் பாலம் தாண்டியதும் இருபுறமும் கருவேலங்காடு. சாலை நேராக ஓடியது. கார்ப் பிரியர் யாராக இருந்தாலும் அங்கே முழுக்க மிதிக்கத்தான் செய்வார். வெகுதூரத்தில், மரங்களுக்கு மேலே புகை எழுந்தது.

சூடேறிய எஞ்சினில் பெட்ரோல் குழாய் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். புகையை நோக்கிப் போனபோது கண்ணீர் வழிவதே தெரியவில்லை. கிட்டே போன பிறகுதான் புகை வெள்ளையாக இருப்பது புரிந்தது. கரிமூட்டம். கருவேல விறகை அடுக்கி மண் பூசி மூட்டியிருந்தார்கள். ஒரு பெண் வாளித் தண்ணீரை அதன் மேல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் ஒரு செவப்புக் காரு போச்சாம்மா?"

"போச்சு. ஊரையே எழுப்புற சத்தத்தோட போச்சு. திரும்பக் காணோம்."

அடுத்த வளைவுக்கு அப்பால் கார் தெரிந்தது. சாலையின் வலது பக்கம், போகக் கூடாத பக்கம். மூக்கு கருவேலம் புதருக்குள் நுழைந்திருந்தது. பின் சக்கரங்கள் சரிவில் நின்றன. ஓட்டுநர் கதவு திறந்து கிடந்தது. இருக்கையில் ஆள் இல்லை.

"அண்ணாச்சி!"

காருக்கு மறுபக்கம் உதயகுமார் குத்தவைத்திருந்தார். முழங்கையில் முள் கீறிய கோடுகள். வேறு காயம் இல்லை. இன்பராஜைப் பார்த்து அவர் முதலில் சிரித்தார், அந்தச் சிரிப்பு நிற்காமல் வேறு ஒன்றாக மாறியது.

"வைக்கோல் ஏத்துன டிராக்டருப்பா. அஞ்சாறு தடவ மெதுவா ஓட்டிப் பாத்தாச்சு, நல்லா இருந்துச்சு. எதுக்க யாருமில்ல. சரின்னு முழுசா மிதிச்சேன். என்னா இழுப்பு! பாதி டிராக்டரத் தாண்டயில, தகர டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்குன மாதிரி ஒரு சத்தம். அப்படியே செத்துருச்சு. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், ஏறல. வளைவுல பஸ்ஸு வந்துட்டான். இந்தப் பக்கம் வைக்கோலு. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல."

"எப்படித் தப்புனீக?"

"வலது பக்கமா எறக்கிட்டேன். கருவேலம் புடிச்சுக்கிருச்சு. பஸ்ஸு டிரைவரு நிப்பாட்டித் திட்டுனான் பாரு, எங்கய்யாகூட அப்படித் திட்டுனதில்ல." அவர் முழங்கையில் ஒட்டியிருந்த முள் ஒன்றைப் பிடுங்கி எறிந்தார். "எல்லாம் அந்தப் பங்க்குக்காரன். எத்தனாலுன்னு சொல்லித் தண்ணியக் கலந்திருப்பான். நாளைக்கு இருக்கு அவனுக்கு."

பெட்ரோல் மேல் பழி போவது இந்தப் பக்கத்தில் அன்றாட வழக்கம். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இன்பராஜ் காருக்குள் கிடந்த போனை எடுத்து ரெக்கார்டைத் திறந்தார். கோடு தெளிவாக இருந்தது. மெதுவாக ஓட்டிய இடங்களில் எல்லாம் பெட்ரோல் சரியாக விழுந்திருந்தது. கடைசி மிதியில், டர்போ அழுத்தம் ஏற ஏற, பெட்ரோல் பின்தங்கியது. பங்க் பெட்ரோல் கெட்டிருந்தால் எல்லா இடத்திலும் கெட்டிருக்கும். எஞ்சின் தட்டத் தொடங்கியதும் கம்ப்யூட்டர் அதைக் காப்பாற்ற மூச்சை அடக்கி, இழுப்பைக் குறைத்துவிட்டிருந்தது. எஞ்சினைக் காப்பாற்றியது சரி. அந்த நேரத்தில் அது பஸ்ஸுக்கு எதிரே நின்றது.

"பெட்ரோல் மேல தப்பு இல்ல அண்ணாச்சி. நான்தான்."

"என்ன நீதான்?"

அவர் சொன்னார். மூன்று கிலோ, எதிரே ஒரு கிலோ. திறந்த குழாய். அழகுத்தாயின் முருங்கை. உதயகுமார் காரின் மூக்கைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சந்தேகம் இல்லல்லன்னு கேட்டேன்" என்றார் கடைசியில்.

"கேட்டீக."

"நீ குழாயக் காட்டுன."

"காட்டுனேன்."

உதயகுமார் எழுந்தார். இன்பராஜின் தோளைப் பிடித்து நின்றார். அடிக்கப்போகிறார் என்று இன்பராஜ் நினைத்தார். பிடி விடவில்லை, இறுகவும் இல்லை. "அந்த மேடம் முழு மிதி வேணாம்னுச்சு. நான் மிதிச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

ஏரோப்ளேன் மோடை எடுத்ததும் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. துர்காதேவியிடம் நல்லபடியாக இருப்பதாக ஒரு வார்த்தை சொன்ன பிறகு, இன்பராஜ் கிருஷ்ணப்ரியாவைக் கூப்பிட்டார்.

"வால்வு டேங்குக்குள்ளயா இருக்குதுங்க? டர்போவுக்குத் தக்கன ஏறாதுங்களா?"

"ஏறாது மேடம்."

"நானும் கேட்டிருக்கோணுங்க. ஐந்நூத்தம்பது அதுக்குத்தான் சொன்னது. அஞ்சுல ஒன்னு போனாலும் நானூத்தி நாப்பது நிக்குமுங்க. பஜார்ல வாட வர்றத நான் கணக்குல சரி பண்ணித் தர்றேன். இப்ப ஸ்டார்ட் பண்ணி, தட்டுற சத்தம் கேக்குதான்னு பாருங்க. இல்லைன்னா மெதுவா எடுத்துட்டுப் போலாம். டர்போ மீட்டர்ல முள்ளு சைபரத் தாண்டாத வரைக்கும் காத்து எதுத்துத் தள்ளாதுங்க, பயமில்லைங்க."

பயமில்லை என்ற சொல்லை இன்பராஜ் காதில் வாங்கினார், உள்ளே வாங்க முடியவில்லை. எஞ்சினை எழுப்பி, பானெட்டின் மேல் காதை வைத்துக் கேட்டார். தட்டவில்லை. நம்பாமல் அணைத்துவிட்டு மறுபடி எழுப்பிக் கேட்டார். மோட்டார்கள் கருகுவது வெளியே தெரிவதில்லை. கரிமூட்டக்காரப் பெண்ணின் கணவரும் இன்னொருவரும் வந்து தள்ளிக் காரைச் சாலைக்கு ஏற்றினார்கள். பைக் அவர்கள் பொறுப்பில் நின்றது.

"நீ ஓட்டு" என்றார் உதயகுமார். "எனக்குக் கால் ஆடுது."

"எனக்கும்தான் ஆடுது அண்ணாச்சி."

"ஒனக்கு எப்பவும் ஆடுறதுதான. பழகியிருக்கும்."

கோயில் வாசலுக்கு வந்தார்கள். துர்காதேவி காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முன்புறம் முள் கீறல்களைப் பார்த்தார். கணவரின் முழங்கையைப் பார்த்தார். பையிலிருந்த விபூதியை எடுத்து அவர் நெற்றியில் கொஞ்சம் அழுத்தமாகவே பூசினார். பிறகு கேட்டார்.

"யாரு தப்பு?"

"என் தப்பு" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"அப்ப ரெண்டு பேரும் சேந்தே வாங்க. நானும் பிள்ளையும் பஸ்ஸுல போறோம்."

"துர்கா, மெதுவாத்தான் போவோம். முள்ளு ஏறாம..."

"எனக்கு முள்ளப் பத்தித் தெரியாது. பஸ்ஸத் தெரியும்." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டார்.

அருப்புக்கோட்டைச் சாலையில் கார் ஊர்ந்தது. நூற்றெண்பது குதிரைக்கு ஆசைப்பட்ட வண்டியை ஒரு ஷேர் ஆட்டோ முந்தியது, பிறகு புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று முந்தியது. இன்பராஜ் சாலையைக் காட்டிலும் முள்ளைத்தான் அதிகம் பார்த்தார். சின்ன ஏற்றம் வந்தாலும் அது சைபரை நோக்கி நகரும். நகர்ந்ததும் காலைத் தளர்த்துவார், வண்டி இன்னும் மெதுவாகும்.

"இதுக்கு முன்னால டர்போ வண்டி யாருக்காச்சும் இப்படி அளந்து குடுத்திருக்கியா?" என்றார் உதயகுமார்.

"ஒன்னு குடுத்தேன். போன வருசம். சாத்தூர்க்காரர்."

"கூப்பிட்டியா?"

"எடுக்கல."

இன்பராஜ் போனை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டினார்.

பின்னால் ஹாரன் கேட்டது. கண்ணாடி நிறையப் பஸ் தெரிந்தது. இன்பராஜ் காரை இடது ஓரத்து மண்ணில் இறக்கி வழிவிட்டார். பஸ் உரசாமல் கடந்து முன்னே போனது. பின் ஜன்னலில் ரோஷினியின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது, அப்பாவைப் பார்த்ததும் இரு கைகளையும் ஆட்டினாள். உதயகுமார் கை தூக்கவில்லை. ஒரு கை கதவுப் பிடியில், மறு கை டேஷ்போர்டில் ஊன்றியபடி இருந்தது.

"அண்ணாச்சி, பாப்பா கை காட்டுது."

"தெரியுது. நீ முள்ளப் பாரு."